வீணைக்கு ஆரம்ப விலை எவ்வளவு?

கேள்வி: அப்பத்தா வாசித்த தஞ்சாவூர் ஏகாண்ட வீணை (ஒரே மரத்தில் குடைந்தது), ஐம்பது வருடமாக இரண்டாங்கட்டில் உறையோடு கிடக்கிறது. இணைய ஏலத்தில் விற்கப் போகிறோம். ஆயிரம் ரூபாயில் தொடங்கினால் போட்டி கூடும் என்கிறான் தம்பி. சரியா?
- வாசகி, கானாடுகாத்தான்

பதில்: வேண்டாம். அந்த வழி கிடாருக்கும் கீபோர்டுக்கும் பலிக்கும், தேடுபவர்கள் ஏராளம். பழைய வீணைக்கு வருபவர்களை விரல்விட்டு எண்ணலாம். விலை ஏற, இரண்டு பேராவது விடாமல் கேட்க வேண்டும். ஒருவரே வந்தால் ஆயிரத்துக்கே போய்விடும்.

எதற்குக் கீழே கொடுக்க மனம் வராதோ, அங்கே தொடங்குங்கள். முடிந்த ஏலங்களில் என்ன விலைக்குப் போனது என்று பாருங்கள். விற்பவர் சொல்லும் விலையை நம்ப வேண்டாம். தந்தியை அழுத்தி வாசிக்கும் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்தவை. இத்தனை வருடத்தில் மெழுகு காய்ந்து வெடித்திருக்கும், மேளம் கட்டியாக வேண்டும், அதாவது புது மெழுகில் மெட்டுகளைச் சுருதி பார்த்துப் பதிக்க வேண்டும். அந்தச் செலவைக் கழித்துத்தான் கேட்பார்கள். உதாரணமாக, நல்ல நிலையில் ரூ.30,000 போகும், மேளத்துக்கும் தந்திக்கும் ரூ.6,000 ஆகும் என்றால் எதிர்பார்க்கக்கூடியது ரூ.24,000. ரூ.20,000இல் தொடங்கலாம். தளத்தின் கமிஷன் 10 சதவீதம் என்றால், ஒருவரே கேட்டாலும் ரூ.18,000 கைக்கு வரும். நீங்களே மேளம் கட்டி அனுப்பாதீர்கள். லாரிச் சூட்டில் மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும்.

ஏகாண்டம் என்று எழுதினால் மட்டும் போதாது. குடமும் (உருண்டைப் பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்து) சேரும் இடத்தை நல்ல வெளிச்சத்தில், கிட்டத்தில் படம் எடுங்கள். அங்கே ஒட்டுக் கோடு தெரிந்தால் அது ஒட்டு வீணை, விலை இறங்கும். குடத்தின் அடிப்பக்கத்தில் வெடிப்பு இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள். மறைத்தால் வீணை திரும்பி வரும், கூரியர் செலவு உங்கள் தலையில்.

வீணையின் ஓரக் கரையில் பதித்திருப்பது தந்தமோ மான் கொம்போ என்றால் ஏலத்தில் போடக் கூடாது. 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும். முதலில் வனத்துறையில் கேளுங்கள்.

விஜயதசமிக்குப் புதிதாகச் சேருபவர்கள் வீணை தேடுவார்கள். ஏலம் அதற்கு மூன்று வாரம் முன்னால், ஞாயிறு இரவு முடியட்டும்.

பலரும் கோட்டைவிடுவது கூரியரில்தான். பெட்டி 140×45×45 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்று அளவையும் பெருக்கி, 5,000ஆல் வகுத்து, அதையே எடையாக வைத்துக் கட்டணம் கேட்கும் கூரியரில் அது 56.7 கிலோ! வீணையின் நிஜ எடை இதில் சிறு பங்குதான். பெட்டியை அளந்து, கட்டணம் கேட்டு, அதைத் தனியாகக் குறிப்பிட்ட பிறகே ஏலம் தொடங்குங்கள். தந்திகளைத் தளர்த்தி, அவற்றைத் தாங்கும் குதிரையைக் கழற்றித் துணியில் சுற்றி வைக்க மறக்காதீர்கள்.