ஹாலோவீன் கேள்வி பதில்: மிட்டாயைவிட ரோடுதான் பயம்

அமெரிக்காவில் எமர்ஜென்சி வார்டு நர்ஸாக இருக்கிறேன். அக்டோபர் 31 ஹாலோவீன்; அன்று மாலை பிள்ளைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குவார்கள். அது நெருங்குவதால் நம்மவர்கள் கேட்டவற்றுக்குப் பதில்.

அக்கா, மிட்டாயில் விஷம், ஊசி என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே? பையனை அனுப்பவே பயமாக இருக்கிறது.

வருஷம் தவறாமல் வரும் கேள்வி. டெலவேர் பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட், 1958 முதல் வந்த செய்திகளைத் துருவிப் பார்த்தவர். முன்பின் தெரியாத ஒருவர் வாசலுக்கு வந்த பிள்ளைக்கு விஷ மிட்டாய் கொடுத்துக் கொன்றதாக உறுதியான ஒரு சம்பவம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. 1974-இல் டெக்சஸில் சயனைடு கலந்த மிட்டாயால் 8 வயதுப் பையன் செத்தது நிஜம். ஆனால் கொடுத்தது பெற்ற அப்பன், இன்சூரன்ஸ் பணத்துக்காக.

வீட்டுக்கு வந்ததும் பையைக் கொட்டிப் பாருங்கள். உறை பிரிந்திருந்தால் குப்பையில் போடுங்கள். கஞ்சா கலந்த மிட்டாய் சாதாரண மிட்டாய் போலவே இருக்கும். உறையில் 'THC' (கஞ்சாவில் போதை தரும் பொருள்) என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்போ எதற்குத்தான் பயப்படுவது?

காருக்கு. 1975 முதல் 2016 வரையிலான விபத்துகளை ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரு வாரம் முன்னும் பின்னும் உள்ள மாலைகளைவிட ஹாலோவீன் மாலையில் நடந்துபோகிறவர்கள் வண்டியில் அடிபட்டுச் சாகும் அபாயம் 43 சதவீதம் அதிகம். 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்குப் பத்து மடங்கு.

காரணம் கண்ணெதிரே இருக்கிறது. இருட்டு, கறுப்பு உடை, பாதிக் கண்ணை மறைக்கும் முகமூடி, எதிர் வீட்டு மிட்டாயைப் பார்த்ததும் நிறுத்திய கார்களுக்கு நடுவிலிருந்து ஒரே ஓட்டம். தெருவின் ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு, முனையில் ஒருமுறை மட்டும் கடக்க வையுங்கள். முதுகிலும் பையிலும் ஒளி பட்டால் மின்னும் டேப் ஒட்டுங்கள். முகமூடிக்குப் பதில் முகத்தில் சாயம். அன்று மாலை ஆபீஸிலிருந்து காரோட்டி வரும் நீங்களும் மெதுவாக வாருங்கள்!

மகளுடைய இளவரசி கவுன் தரையைக் கூட்டுகிறது. பரவாயில்லையா?

கணுக்காலுக்கு மேல் மடித்துத் தைத்துவிடுங்கள். தடுக்கி விழுவது ஒரு பக்கம், வாசல்களில் அலங்காரமாக வைக்கும் பூசணிக்குள் எரியும் மெழுகுவர்த்தியில் உரசினால் தீ. உங்கள் வாசல் பூசணியிலும் பேட்டரி விளக்கே வையுங்கள்.

பையனுக்கு நிலக்கடலை அலர்ஜி.

வாசலில் நீலப்பச்சைப் பூசணி வைத்த வீடுகளில் தின்பண்டம் அல்லாத சின்னப் பொருள்களும் கிடைக்கும். குட்டி சாக்லேட்டில் சேர்மானப் பட்டியல் இல்லையென்றால் கொடுக்காதீர்கள். கடும் அலர்ஜிக்குப் போடும் எபிபென் ஊசி உங்கள் கையில் இருக்கட்டும், காரில் அல்ல.

வேஷத்துக்குப் பூனைக்கண் கான்டாக்ட் லென்ஸ்?

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்பதே இங்கே சட்டவிரோதம். வேண்டாம்.

ஊரிலிருந்து வந்த அம்மா வீட்டில் தனியாக இருப்பார்கள். யாராவது கதவைத் தட்டினால்?

வாசல் விளக்கை அணைத்துவிட்டால் பொதுவாக யாரும் வர மாட்டார்கள். அம்மாவுக்கு ஆசையென்றால் விளக்கைப் போட்டு, படியில் கிடக்கும் செருப்புகளை ஓரங்கட்டி, கடையில் வாங்கிய மிட்டாயைக் கையில் கொடுங்கள். அவர்கள் கையால் பிடித்த எள்ளுருண்டை வேண்டாம். பெற்றோர் வாங்கிக்கொண்டு போய் குப்பையில் போடுவார்கள், அம்மா மனசு தாங்காது.