வாசகர் கேள்வி – பதில்: நூல் இழுக்கும் சோயாவும் எலும்பின் உறுதியும்

கேள்வி: சென்ற மாரியில் எனது மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். ஜப்பானில் வேலை செய்யும் என் தம்பி விடுமுறையில் வந்தபோது, எலும்புக்கு நல்லதென்று ‘நாட்டோ’ என்னும் புளித்த சோயாவைக் கொண்டுவந்து தந்தார். கரண்டியால் கிளறினால் சிலந்தி நூல் போல இழுபடுகிறது. பழுதாகிவிட்டதா? 57 வயதான நானும், இதய வால்வு மாற்றப்பட்டு வார்ஃபரின் குளிசை எடுக்கும் என் கணவரும் இதை உண்ணலாமா? சோயா மீட்டிலும் இந்தப் பலன் உண்டா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: முதலில் உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் நாட்டோவை ஒரு கரண்டியளவுகூட உண்ணக் கூடாது. வார்ஃபரின் குருதி உறைவதைத் தடுப்பது விற்றமின் கே-யின் வேலையை மறிப்பதன் மூலமே. நாட்டோவிலோ அந்த விற்றமினின் கே2 வகை 100 கிராமுக்கு 800 முதல் 1,000 மைக்ரோகிராம் வரை செறிந்திருப்பதுடன், உடலில் நாட்கணக்கில் தங்கியும் நிற்கிறது. எனவே ஒரு நேரம் உண்டாலே குளிசையின் பலன் குன்றி, வால்வில் குருதி கட்டிபடும் ஆபத்து ஏற்படலாம். ஏற்கெனவே உண்டிருந்தால் குளிசையின் அளவை நீங்களாக மாற்றாமல், உடனே கிளினிக்கில் தெரிவித்து, குருதி உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கீரையிலும் விற்றமின் கே உண்டு; ஆனால் அதை அவர் நிறுத்த வேண்டியதில்லை. நாளுக்கு நாள் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டால் போதும்.

உங்கள் தம்பி சொன்னதிலும் உண்மை இருக்கிறது. எலும்பை ஆக்கும் கலங்கள் சுரக்கும் ஒஸ்டியோகல்சின் என்னும் புரதம், விற்றமின் கே கிடைத்தால்தான் கல்சியத்தைப் பற்றிக்கொள்ளும் தன்மையை அடைகிறது. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், நாட்டோ மிகுதியாக உண்ணப்படும் டோக்கியோவின் பெண்களுடைய குருதியில் கே2 அளவு ஹிரோஷிமாப் பெண்களைவிட நான்கு மடங்குக்கு மேலாகவும், பிரித்தானியப் பெண்களைவிடப் பதினான்கு மடங்கு அளவிலும் இருந்தது. நாட்டோ கூடுதலாக உண்ணும் பகுதிகளில் இடுப்பெலும்பு முறிவும் குறைவாகவே காணப்பட்டது. ஆயினும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இதே கே2வைக் கொடுத்துப் பார்த்த சோதனைகள் ஒரே முடிவைத் தரவில்லை. 2010இல் வெளியான நோர்வேச் சோதனையில் ஓராண்டில் பயன் தெரியவில்லை. 2013இல் வெளியான நெதர்லாந்துச் சோதனையில் மூன்றாண்டுகளில் எலும்புத் தேய்மானம் சற்றே மெதுவானது. ஆகவே நாட்டோவைத் துணை உணவாகக் கொள்ளுங்கள். ஒருமுறை எலும்பு முறிந்த மாமியாருக்கு, எலும்பைத் திடப்படுத்தும் மருந்து தேவையா என்று வைத்தியரிடம் கேட்பதே முதல் வேலை. அவரும் குருதி உறையாமலிருக்க மருந்து எடுப்பவராயின், நாட்டோவைக் கொடுக்குமுன் அதையும் கேட்டறியுங்கள்.

நூல் இழுபடுவது பழுதின் அறிகுறியன்று. அவித்த சோயாவை நொதிக்கச் செய்யும் பற்றீரியாவே அந்தப் பசையை உண்டாக்குகிறது. நூல் வராவிட்டால்தான் நாட்டோ சரியாக நொதிக்கவில்லை என்பார்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடியோ நிறம் மாறிய பூஞ்சணமோ இருந்தால் மட்டும் வீசிவிடுங்கள். குருதி உறைவைத் தடுக்கும் மருந்து எதையும் எடுக்காதவராயின், நீங்கள் உண்பதில் தடையில்லை. சோயா மீட் நொதிக்க வைத்த உணவன்று. எண்ணெய் நீக்கிய சோயா மாவில் செய்யப்படுவதால் புரதம் நிறைய உண்டு, இந்தக் கே2 கிடையாது.

கல்சியமே போதாத உடலில் விற்றமின் கே எதைக் கொண்டு எலும்பைக் கட்டும்? உங்கள் வயதில் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கல்சியம் பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கு ஜப்பானை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சட்டியைச் சாய்த்தாலும் சிந்தாத நமது எருமைத் தயிரும், முள்ளோடு மென்று விழுங்கும் நெத்தலியும், வேலியோர முருங்கையிலையும் உங்களூரிலேயே இருக்கின்றன. சந்தையில் நெத்தலியை வாங்கி முள்ளை எடுத்துவிட்டுச் சமைப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. கல்சியம் இருப்பது அந்த முள்ளில்தான்.

கேள்வி: தோசை மாவைப் புளிக்க வைப்பது போல, அவித்த சோயாவை வெளியில் வைத்து வீட்டிலேயே நாட்டோ ஆக்கலாமா?
– வாசகர், திருக்கோவில்

பதில்: வேண்டாம். தோசை மாவு புளிக்கும்போது அமிலம் உண்டாகித் தீய கிருமிகளை அடக்குகிறது; அவித்த சோயாவில் அவ்வாறு நிகழ்வதில்லை. அதற்கென்றே வளர்த்த பற்றீரியாவைக் கலந்து, ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு நாள் அளவு வைத்தே நாட்டோவை ஆக்குகிறார்கள். நமது வெக்கையில் அவித்த சோயாவைச் சும்மா மூடி வைத்தால் எந்தக் கிருமி முந்திக்கொள்ளும் என்று எவராலும் சொல்ல முடியாது.