ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தமிழில் தேடவும் காதால் கேட்கவும் வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் பாதி வேலை உங்கள் தலையில்தான் விழும்.

எனக்கு வீடு எர்ணாவூர், வேலை வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைக்கும் ஒரு கம்பெனியில். சென்னையில் இந்தத் தொழில் பெரிது. எங்கோ வெளியாகும் கட்டுரைக்கு இது தலைப்பு, இது அட்டவணை, இது மேற்கோள் என்று டேக் போடுவது இங்கே உட்கார்ந்திருக்கும் எங்களைப் போன்றவர்கள்தான். நாள் முழுக்கக் கட்டுரைகள் கைவழியே போகின்றன. ஆனால் எண்ணூர் ஆற்றில் இறால் பிடிக்கும் என் மாமா, "இந்தக் காக்கா ஆழியப் பத்தி எவனாவது எழுதிக்கிறானா பாருடா" என்று கேட்டபோது முழித்தேன்.

காக்கா ஆழி என்பது கருத்த, சின்னச் சிப்பி. பூர்வீகம் தென் அமெரிக்கா. கப்பல்கள் எடை சமநிலைக்காக அடியில் ஏற்றிவரும் தண்ணீரோடு வந்திருக்கும் என்கிறார்கள். அடிச்சேற்றில் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிடுவதால் இறால் புதைய இடமில்லை. கையால் தடவிப் பிடிக்கிறவர்களுக்குப் பிழைப்பே போய்விடும்.

தமிழில் தேடினேன். செய்திகள் வந்தன, கட்டுரை ஒன்றுகூட வரவில்லை. காரணம் மொழியைவிடப் பெயர். கட்டுரைகளில் அதற்கு மைட்டெல்லா ஸ்ட்ரிகாட்டா என்று பெயர். பழைய கட்டுரைகளில் மைட்டெல்லா சாருவானா. இரண்டையும் போட்டதும் சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், புளோரிடா என்று வரிசையாக வந்தது. கேரளத்தில் அதைக் கண்டதைப் பதிந்த 2019 கட்டுரையும் கிடைத்தது. ஆகவே முதலில் உங்கள் ஊர்ப்பெயருக்கு லத்தீன் பெயரைப் பிடியுங்கள். பிடித்துவிட்டால், விக்கித்தரவில் (யாரும் திருத்தக்கூடிய இலவசத் தகவல் தளம்) அந்த உயிரினத்தின் பக்கத்தில் தமிழ்ப் பெயரையும் சேர்த்துவிட்டு வாருங்கள், அடுத்து தேடுகிறவருக்கு உதவும்.

தேட கூகுள் ஸ்காலர் போதும். நம் பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா என்ற இணையதளம், இலவசம்தான். உரிமத்தையும் பாருங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமத்தில் 'பை' (BY) என்று மட்டும் இருந்தால், எழுதியவர் பெயரைப் போட்டு, மொழிபெயர்த்துப் பகிரலாம். கூடவே 'என்டி' (ND) இருந்தால் மொழிபெயர்ப்பை வெளியே விடக்கூடாது.

அப்புறம் கேட்பது. பிடிஎஃப்பை அப்படியே வாசிப்புச் செயலியில் போடாதீர்கள். ஒரே தாளில் இரண்டு பத்தி அருகருகே இருந்தால், இந்தப் பக்கத்து வரியையும் அந்தப் பக்கத்து வரியையும் சேர்த்துப் படிக்கும், நடுவில் பக்க எண்ணையும் சொல்லும். இணையப் பக்க வடிவம் இருந்தால் அதை எடுங்கள். நாங்கள் போட்ட டேக் அங்கேதான் உதவும், மேற்கோள் பட்டியலைத் தாண்டிவிடலாம். முழுதும் வேண்டாம், சுருக்கமும் முடிவுரையும் போதும்.

நான் அவற்றை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு, அதன் குரலிலேயே மாமாவுக்குக் கேட்க விட்டேன். இரண்டாவது நிமிடத்தில் நிறுத்தச் சொன்னார். "சிப்பிக்கு இன்னாத்துக்குடா ஆட்சேர்ப்பு?" மூலத்தில் 'ரெக்ரூட்மென்ட்'. குஞ்சுச் சிப்பிகள் புதிதாக வந்து கூட்டத்தில் சேர்வதைச் சொல்லும் சொல். இயந்திரம் அதை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டது. சிப்பி கிடக்கும் படுகையும் 'படுக்கை' ஆகியிருந்தது. நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உவர்ப்புத்தன்மையை 'உப்பு' என்று மாற்றி, நானே படித்து வாட்ஸ்அப்பில் ஆறு நிமிடக் குரல் பதிவாக அனுப்பினேன். வலை பிரித்துக்கொண்டே முழுதும் கேட்டிருக்கிறார். சாயங்காலம் போன் வந்தது.

"எல்லாம் சரி. வந்துச்சி, பரவிச்சின்றான். அதை எப்டி அள்றதுன்னு சொல்லவே இல்லியே?"

அந்தக் கட்டுரையில் அது இல்லை. வேறு கட்டுரை தேடிக்கொண்டிருக்கிறேன்.