கேள்வி நேரம்: பருந்தை வைத்து முயல் வேட்டை

அமெரிக்காவில் பழக்கிய பருந்தைக் கொண்டு முயல், அணில் பிடிக்கும் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்கி பிப்ரவரி, மார்ச் வரை போகும். அதுபற்றி வந்த கேள்விகளில் சில இங்கே.

ஒஹையோவில் வசிக்கிறேன். ஒரு பருந்தை விலைக்கு வாங்கிப் பழக்கத் தொடங்கலாமா?

அப்படி நேராக இறங்க முடியாது. உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் 80 சதவீதம் எடுக்க வேண்டும். பறவைக்கான அறையையும் கருவிகளையும் அதிகாரி வந்து பார்ப்பார். அனுபவமுள்ள ஒருவர் உங்களுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். அவரிடம் குறைந்தது 2 ஆண்டு பயிலுநராக இருக்க வேண்டும். தேர்வைவிட அந்த ஆளைத் தேடுவதுதான் பெரும்பாடு. பயிலுநருக்கு அனுமதி ஒரே ஒரு பறவைக்குத்தான்.

பெரும்பாலோர் தொடங்குவது செவ்வால் பருந்தில். அதுவும் அந்த ஆண்டு பொரித்து, தானே இரை தேடக் கற்றுக்கொண்ட இளம் பறவை. முட்டையிடும் வயதுக்கு வந்ததைப் பிடிக்கக் கூடாது. இளசுக்கு வால் சிவந்திருக்காது. பழுப்பில் குறுக்குக் கோடுகள் இருக்கும், கண் வெளிர்மஞ்சளாக இருக்கும்.

காயப்படாமல் எப்படிப் பிடிக்கிறார்கள்?

'பால் சத்ரி' என்ற பொறியால். இந்தியாவிலிருந்து போன உத்தி அது. கம்பி வலையால் ஆன சிறு கூண்டுக்குள் உயிருள்ள எலி. கூண்டின் மேல்பரப்பு முழுக்க நைலான் நரம்புச் சுருக்குகள். சாலையோரக் கம்பத்தில் பருந்து உட்கார்ந்திருந்தால், காரை மெதுவாக ஓட்டியபடியே பொறியைப் புல்லில் போட்டுவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார்கள். எலியைப் பிடிக்க வரும் பருந்தின் விரல் சுருக்கில் மாட்டும். பொறியோடு பறந்துவிடாதபடி ஒரு எடையைக் கட்டியிருக்க வேண்டும். பொறியிலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது: மாட்டிய பறவையை நாயோ இன்னொரு பருந்தோ தாக்க சில நிமிடம் போதும்.

பட்டினி போட்டுத்தான் பழக்குகிறார்களாமே?

பாதி உண்மை. பசி இல்லாத பருந்து உங்களைத் திரும்பியும் பார்க்காது. பட்டினி கிடக்கும் பருந்தால் வேட்டையாட முடியாது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி சில பத்து கிராம்தான். அதனால் இந்தக் கலையில் மிக முக்கியமான கருவி கையுறையோ பறவையின் காலில் கட்டும் மணியோ அல்ல, கிராம் காட்டும் தராசு.

பிடித்த அன்றே எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு பெண் பறவை 1250 கிராம் இருந்தால், அது ஒழுங்காகப் பறந்து திரும்பும் எடை பெரும்பாலும் 1060க்கும் 1125க்கும் இடையில் இருக்கும். அந்த அளவுக்குச் சிறிது சிறிதாகத்தான் இறங்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், கக்க வேண்டியதைக் கக்கிய பிறகு நிறுக்க வேண்டும். (ரோமமும் எலும்பும் உருண்டையாகத் திரும்பி வெளியே வரும், அது வராமல் அடுத்த தீனி கிடையாது.) அளவைத் தராசு சொன்னாலும் நெஞ்செலும்பை விரலால் தடவிப் பாருங்கள். கத்தி முனைபோல் தட்டுப்பட்டால் வேட்டை வேண்டாம். குளிர் கூடும் நாளில் உடம்பு தன்னைச் சூடாக வைக்கவே நிறைய எரிக்கும். நேற்றைய தீனி அளவு இன்று போதாது. புதியவர்கள் பறவையை இழப்பது பெரும்பாலும் இப்படித்தான்: மாலையில் சரியாக இருந்த எடை, உறைபனி இரவு கழிந்ததும் அபாயக் கோட்டுக்குக் கீழே போயிருக்கும்.

இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பச்சையாக எச்சமிட்டால் பறவை தளர்ந்துவிட்டது. அப்போது வயிறு நிறையப் போட்டுவிடாதீர்கள். செரிக்காமல் தீனிப்பையிலேயே அழுகும். ரோமம், எலும்பு இல்லாத மெல்லிய இறைச்சித் துண்டுகளை நீரில் நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

பழக்கும் வரிசை எளிது: கையுறைமேல் உட்கார்ந்து தின்ன வைப்பது, ஒரு தாவலில் கைக்கு வரவைப்பது, பிறகு நீண்ட கயிற்றில் 30, 40 மீட்டரிலிருந்து சீழ்க்கைக்குப் பறந்து வர வைப்பது. தயக்கமின்றி உடனே வருவது சில நாள் தொடர்ந்தால்தான் கயிற்றைக் கழற்ற வேண்டும். வயலில் இறங்கும்போது பருந்தின் காலில் கட்டியிருக்கும் ஓட்டை போட்ட வாரை மாற்றி, ஓட்டையில்லாத வாரைக் கட்டுங்கள். ஓட்டையுள்ளது கிளையில் மாட்டினால் பறவை தலைகீழாகத் தொங்கிச் சாகும்.

முயலைப் பிடித்ததும் பருந்திடமிருந்து பிடுங்கிக்கொள்வார்களா?

பிடுங்கினால் அடுத்த முறை இரையோடு பறந்து ஒளியும், உங்கள் கையையே நகத்தால் அடிக்கும். புதரைத் தடியால் அடித்துக்கொண்டே நீங்கள் நடக்க, மேலே மரம் மரமாகப் பருந்து பின்தொடரும். முயல் கிளம்பி அது பிடித்ததும் ஓடிப்போய் முயலை உடனே கொன்று வேதனையை முடிக்க வேண்டும். பிறகு முயலின் இதயத்தையோ ஈரலையோ கொஞ்சம் தின்ன விட்டு, கையுறையில் நல்லதொரு துண்டைக் காட்டுங்கள். அது அங்கே தாவியதும், அதன் கண்ணில் படாமல் முயலைப் பைக்குள் தள்ளிவிடலாம். அப்போது வேட்டைக்கு அனுமதி இல்லாத விலங்கைப் பிடித்துவிட்டால், பருந்து அங்கேயே தின்னலாம். மிச்சத்தை நீங்கள் எடுக்கக் கூடாது.

அணில் பிடிப்பது சுலபம்தானே?

நம் ஊர் மூன்று கோட்டு அணிலை நினைத்துக் கேட்கிறீர்கள். அங்குள்ள சாம்பல் அணில் அரைக் கிலோவுக்கு வரும். கடித்தால் பருந்தின் விரல் போகும். அதனால் கணுக்காலைச் சுற்றித் தோல் கவசம் கட்டுகிறார்கள். முதல் பருவத்தில் முயலோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பறந்து போய்விட்டால்?

எடை கூடிய பறவையை வெயிலும் காற்றும் உள்ள மதியத்தில் விடாதீர்கள். வெப்பக்காற்றில் ஏறி மறைந்துவிடும். காலில் அல்லது வாலில், பறவை இருக்கும் இடத்தைக் காட்டும் டிரான்ஸ்மிட்டர் கட்டாயம் வேண்டும். இருட்டிவிட்டால் இடத்தைக் குறித்துக்கொண்டு, விடியுமுன் அந்த மரத்தடிக்குப் போய்விடுங்கள். இரவில் பருந்தையே கொல்லும் கொம்பாந்தைகள் உள்ள பகுதியென்றால், மாலை இருட்டுக்கு முன்பே பறவையைக் கைக்கு எடுத்துவிட வேண்டும்.

மதுரையில் ஒரு வல்லூறைப் பிடித்து வளர்க்கலாமா?

கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

பருவம் முடிந்ததும் பறவையை என்ன செய்வார்கள்?

சிலர் இறகு உதிர்க்கும் கோடை முழுக்க நன்றாகத் தீனி போட்டு வைத்திருந்து, இலையுதிர் காலத்தில் மறுபடி எடையிறக்குவார்கள். பலர் காட்டில் பிடித்ததைக் காட்டிலேயே விடுவார்கள். விடுமுன் எடையைப் பிடித்த நாளின் அளவுக்காவது ஏற்ற வேண்டும். எலியும் முயலும் நிறைந்த இடத்தில், மழையில்லாத காலையில், வாரும் மணியும் டிரான்ஸ்மிட்டரும் எல்லாம் கழற்றிவிட்டு விட வேண்டும். 10 நாளுக்குள் அரசுப் படிவத்தில் பதிய வேண்டும். வேட்டைக்குப் பழக்கும் இன்னொரு இனமான ஹாரிஸ் பருந்து கூண்டில் பொரித்ததென்றால், அதற்கு இது பொருந்தாது. அதை விட நினைத்தால், முதலில் மாநிலத் துறையைக் கேளுங்கள்.