பாட்டி வடை சுட்ட கதையில் நெட்வொர்க் மார்க்கெட்டிங் பாடம் இருக்கிறதா?

"குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளிலிருந்து விற்பனைக்கும் நெட்வொர்க் மார்க்கெட்டிங்குக்கும் என்ன பாடம் எடுக்கலாம், எந்தக் கதை பொருத்தமாக இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியைப் பார்த்தால், பொருளை விற்றும் தனக்குக் கீழே ஆள் சேர்த்தும் கமிஷன் வாங்குகிற அந்த நெட்வொர்க் மார்க்கெட்டிங்காரர்களின் வருகிற ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் யாரோ உங்களை மைக் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அப்படி இல்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். அப்படித்தான் என்றால் இதை முழுக்கப் படித்துவிட்டு மேடை ஏறுங்கள்.

நான் மளிகைச் சரக்கு லைனில் சேல்ஸ்மேன். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் எந்தத் தெருவில் எந்த அண்ணாச்சி எத்தனை மணிக்குக் கடை திறப்பார், யார் பாக்கியை எந்தக் கிழமையில் கேட்டால் கொடுப்பார் என்பதெல்லாம் அத்துபடி. பெரிய படிப்பு கிடையாது. ஆனால் விற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அதை அடக்கத்துக்காக மறைக்கப் போவதில்லை.

முதலில் காக்காய், நரி, வடை. மீட்டிங்கில் இதை எப்படிச் சொல்வார்கள் தெரியுமா? "நரி காக்காயைப் பாராட்டியது, வடை கிடைத்தது. வாடிக்கையாளரைப் பாராட்டுங்கள்." என் லைனில் ஒரு அண்ணாச்சியிடம் போய் "கடை ஜோரா இருக்கே அண்ணாச்சி" என்று ஒரு நாள் சொன்னேன். தலையை நிமிர்த்தாமலே "என்ன தம்பி, எந்தச் சரக்கு தேங்கிக் கிடக்கு?" என்றார். வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடிய காக்காயின் கதை நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைக்காரர்கள் எல்லாம் அந்த இரண்டாவது காக்காய்கள்.

இன்னொன்று. அந்தக் கதையில் வியாபாரம் செய்கிற ஒரே ஆள் பாட்டிதான். கடலைப்பருப்பை ஊறப்போட்டு, ஆட்டி, அடுப்புப் புகையில் உட்கார்ந்து சுட்டவள் அவள். காக்காய் திருடியது, நரி ஏமாற்றியது. ஆனால் விற்பனைப் பாடம் எடுக்கிறவர்கள் எல்லோரும் நரிக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள். ஒரு வடை நஷ்டத்தைப் பாட்டி எந்தக் கணக்கில் எழுதினாள் என்று யாரும் கேட்பதில்லை. எக்ஸ்பைரி ரிட்டர்ன், அதாவது காலாவதியான சரக்கைக் கடையிலிருந்து திரும்ப, எடுத்துப் பழகியவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

சரி, எனக்கு நடந்ததற்கு வருகிறேன். என் சகலை, மனைவியின் தங்கை வீட்டுக்காரர், "சகல, மதுரையில ஒரு சின்ன ஃபங்ஷன், ஒரு மணி நேரம் வந்துட்டுப் போங்க" என்றார். யாருக்கோ காதுகுத்து என்று நினைத்து வேட்டி கட்டிக்கொண்டு போனேன். அது ஓட்டல் ஹால். கழுத்தில் டையோடு ஒருவர் சதுரங்கப் பலகைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நாலு. "இருபதாவது கட்டத்துக்கு வரும்போது அஞ்சு லட்சம் அரிசி! இதுதான் சார் நெட்வொர்க்கோட பவர்!" என்றார். ஹாலே கைதட்டியது. கணக்கு சரிதான், 5,24,288 வரும்.

ஆனால் அவர் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். கேரளத்தில் அம்பலப்புழை கிருஷ்ணன் கோவிலில் இதையே தல வரலாறாகச் சொல்கிறார்கள். முனிவராக வந்த கிருஷ்ணன் ஆட்டத்தில் ஜெயித்து அரிசி கேட்கிறான், ராஜாவின் களஞ்சியம் காலியாகியும் கட்டங்கள் நிரம்பவில்லை. அந்தக் கடனுக்காகத்தான் அங்கே இன்றுவரை பால்பாயசம் கொடுக்கிறார்கள் என்பது ஐதீகம். அந்தக் கதையே "இவ்வளவு அரிசி உலகத்தில் இல்லை" என்று சொல்லத்தான் இருக்கிறது.

கேள்வி நேரத்தில் கை தூக்கினேன். ஒரு ஆள் அஞ்சு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த அஞ்சு பேர் ஆளுக்கு அஞ்சு பேரை, இதுதான் அவர்கள் திட்டம். சரக்கு ஆர்டர் எழுதும் நோட்டில் அங்கேயே பெருக்கி வைத்திருந்தேன். பதினோராவது படி முடியும்போது மொத்தம் 6 கோடியே 10 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான், கைக்குழந்தையையும் சேர்த்து. பதின்மூன்றாவது படியில் மட்டும் 122 கோடிப் பேர் வேண்டும். அதே கணக்கெடுப்பில் இந்தியாவே 121 கோடி. "கடைசிப் படியில நிக்கிறவன் யாரை சார் சேர்ப்பான்?" என்று கேட்டேன். "சார் கொஞ்சம் நெகட்டிவா யோசிக்கிறார், இவருக்கு ஒரு கிளாப் கொடுங்க" என்றார். அதற்கும் தட்டினார்கள்.

அப்புறம் டீ இடைவேளை. வடைத் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் வந்து "உங்க முகத்தில ஒரு லீடர் களை இருக்கு" என்றார். அவர் போனதும் ஒரு அம்மா வந்து கிட்டத்தட்ட அதையே சொன்னார். கை கழுவுகிற இடத்தில் மூன்றாவது ஆள். எனக்குப் பஞ்சதந்திரம்தான் ஞாபகம் வந்தது. ஆட்டைத் தோளில் தூக்கிப் போகிற பிராமணனிடம் மூன்று பேர் தனித்தனியாக வந்து "ஏன் சாமி நாயைச் சுமக்கிறீர்?" என்று கேட்பார்கள். மூன்றாவது ஆள் கேட்டதும் அவன் ஆட்டை இறக்கிவிட்டு ஓடிவிடுவான். நெட்வொர்க் மார்க்கெட்டிங் பாடம் உள்ள குழந்தைக் கதை எது என்று நீங்கள் கேட்டதற்கு என் நேரடியான பதில் இந்தக் கதைதான். ஆனால் இதை மீட்டிங்கில் சொல்ல விட மாட்டார்கள்.

என் சகலை ஆட்டை இறக்கி வைத்துவிட்டார். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குச் சத்துமாவு டப்பா வாங்கினார். மாவு என்றதும் இன்னொரு கதை. மாவுப் பானையைத் தலைமாட்டில் தொங்கவிட்டுப் படுத்தவன், அதை விற்று ஆடு, ஆட்டை விற்று மாடு, அப்புறம் குதிரை, வீடு, கல்யாணம், பிள்ளை என்று போய், இன்னும் கட்டாத மனைவியைக் கனவில் உதைக்கப் போய்ப் பானையை உடைப்பானே, அதே கதை. இவரும் கார் படத்தை பீரோ கதவில் ஒட்டி வைத்திருந்தார். டப்பாக்களைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று மரியாதைக்கு வாங்கினார்கள், இரண்டாவது தடவை யாரும் வாங்கவில்லை. வாங்கியவன் திரும்பக் கேட்டு வந்தால்தான் அது விற்பனை. இல்லையென்றால் அது மொய்.

இப்போது சிலர் "எங்கள் கம்பெனி அப்படி இல்லை, அரசாங்கமே அனுமதித்திருக்கிறது" என்று கருத்துப் பெட்டிக்கு வருவீர்கள். நேரடி விற்பனை சட்டவிரோதம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பொருளை நியாய விலைக்கு வீடு வீடாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களும் என் ஜாதிதான், வெயிலில் அலைகிற ஜாதி. ஆனால் 2021 டிசம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த நேரடி விற்பனை விதிகளைப் படித்துப் பாருங்கள். ஆள் சேர்ப்பதை வைத்தே காசு பார்க்கிற பிரமிடு திட்டமும் பணச்சுழற்சித் திட்டமும் கூடாது. முன் அனுமதியும் அடையாள அட்டையும் இல்லாமல் வாடிக்கையாளர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. "நாலு பேரைச் சேர்த்துவிட்டால் நீங்கள் கொடுத்த காசு திரும்ப வந்துவிடும்" என்று சொல்லிப் பொருளைத் தள்ளவும் கூடாது. அந்த ஹாலில் எனக்குச் சொன்னது இந்தக் கடைசி வரிதான், வார்த்தை மட்டும் வேறு.

என் தொழில் மட்டும் யோக்கியமா என்றும் கேட்பீர்கள். கேளுங்கள். இப்போது ஒரு ஆப் கொடுத்திருக்கிறார்கள். கடை வாசலில் நின்று செல்ஃபி எடுத்தால்தான் நான் அங்கே போனதாக ஏறும். சாத்தூரில் ஒரு சந்துக்குள் சிக்னல் கிடையாது. ஆர்டர் எடுத்து, பணமும் வாங்கிக்கொண்டு வந்தாலும் ஆப்பில் நான் ஆப்சென்ட். அந்த அண்ணாச்சியே ஒரு தடவை "வாப்பா, ரோட்டுக்குப் போய் நின்னுக்குவோம்" என்று கடையை விட்டு வந்து போட்டோவுக்கு நின்றார். இதைச் சொன்னால் மேனேஜர் "டெக்னாலஜிக்குப் பழகிக்கோங்க" என்கிறார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். எங்காவது சொல்ல வேண்டும் அல்லவா.

மேடையில் சொல்லத் தகுந்த கதை ஒன்று வேண்டுமென்றால் எலி வியாபாரியின் கதையைச் சொல்லுங்கள். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் தொகுத்த கதாசரித்சாகரத்தில் இருக்கிறது, புத்த ஜாதகக் கதைகளிலும் இதன் வேறொரு வடிவம் உண்டு. காசில்லாத பையன் ஒருவன் செத்த எலியை முதலாக எடுத்துக்கொள்கிறான். ஒருவர் வளர்க்கும் பூனைக்கு அதைக் கொடுத்து இரண்டு கை கொண்டைக்கடலை வாங்குகிறான். கடலையை அரைத்து எடுத்துக்கொண்டு, ஒரு குடம் தண்ணீரோடு ஊருக்கு வெளியே நிழலில் உட்காருகிறான். களைத்து வரும் விறகுவெட்டிகளுக்கு அதைக் கொடுக்க, அவர்கள் ஆளுக்கு இரண்டு விறகு போட்டுவிட்டுப் போகிறார்கள். அதை விற்று மறுபடி கடலை. கொஞ்சம் பணம் சேர்ந்ததும் மூன்று நாள் விறகை மொத்தமாக வாங்கி வைக்கிறான். மழை கொட்டி விறகுக்குத் தட்டுப்பாடு வருகிறது, நல்ல விலைக்கு விற்றுக் கடை போடுகிறான்.

யாருக்கு எந்த நேரத்தில் என்ன தேவை என்று பார்ப்பது, முதலைச் சுழற்றுவது, சரக்கு பிடித்து வைப்பது, நாங்கள் தினமும் செய்கிற வேலை அத்தனையும் அதில் இருக்கிறது. கடைசியில் விறகைப் பதுக்கினானே என்று குறை சொல்வீர்கள், அதுவும் நியாயம்தான். கூட்டத்தில் யாராவது எழுந்து "அவனுக்குக் கீழே எத்தனை பேர் சேர்ந்தாங்க?" என்று கேட்டால், ஒருத்தரும் சேரவில்லை, தண்ணீரைக் குடித்துவிட்டு அவரவர் விறகை விற்கப் போய்விட்டார்கள் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு மைக் உங்கள் கையில் இருக்காது, பரவாயில்லை.