டோனட் தினம், புதிர் தினம் என்றெல்லாம் கொண்டாடுவது வெட்டி வேலையா?

கேள்வி: "டோனட் தினம், புதிர் தினம், உடன்பிறந்தோர் தினம் என்று அரசு நாட்காட்டியில் இல்லாத தினங்களைக் குடும்பத்தோடு கொண்டாடுவது வெட்டி வேலையா? இவற்றையெல்லாம் யார் அறிவிக்கிறார்கள்?"

யாரோ உங்களைக் கேலி செய்திருக்கிறார்கள். அதுவும் வெளியாள் இல்லை, வீட்டுக்குள் இருப்பவர். வெளியாள் சிரித்தால் நாம் இப்படிக் கேள்வி போட்டு ஊரைக் கூட்டமாட்டோம். என் ஊகம் தவறென்றால் மன்னித்துவிட்டு மேலே படியுங்கள்.

கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆம், வெட்டி வேலைதான். பதினோரு ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவருபவன் என்ற தகுதியில் சொல்கிறேன். எந்தத் தேதியில் என்ன தினம், யார் தொடங்கினார், எதற்காகத் தொடங்கினார் என்று ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். என் மனைவி அதற்கு 'வேலையற்றவன் பஞ்சாங்கம்' என்று பெயர் வைத்தாள். பெயர் நன்றாக இருந்ததால் அட்டையில் அதையே எழுதி ஒட்டிவிட்டேன்.

யார் அறிவிக்கிறார்கள் என்றால், யார் வேண்டுமானாலும். இதற்கென்று அலுவலகமும் கிடையாது, ரப்பர் முத்திரையும் கிடையாது. அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹாரிசன் சேஸ் என்ற சகோதரர்கள் 1957இல் ஓர் ஆண்டுத் தொகுப்பை ஆரம்பித்தார்கள். எந்த நாளில் என்ன விழா, யாருக்குப் பிறந்தநாள் என்று திரட்டித் தரும் தடித்த புத்தகம். காலையில் எதைப் பேசுவது என்று தவிக்கும் வானொலிக்காரருக்கும், பத்தியில் நான்கு வரி குறையும் பத்திரிகைக்காரருக்கும் அது கைகொடுத்தது. யாரோ ஒருவருக்குக் குளிக்கும்போது தோன்றிய தினம் ஊரெல்லாம் பரவியது பெரும்பாலும் இந்த வழியில்தான். பென்சில்வேனியாவைச் சேர்ந்த தாமஸ் ராய், ரூத் ராய் தம்பதி இப்படி டஜன் கணக்கில் தினங்களை உண்டாக்கியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 8 அவர்களுடையது: சுக்கினிக் காயைப் பக்கத்து வீட்டு வாசலில் ரகசியமாக வைத்துவிட்டு ஓடிவரும் தினம். தோட்டத்தில் அது அளவுக்கு மீறிக் காய்க்கும் மாதம் ஆகஸ்ட். வீட்டில் யாரும் அதைத் தின்னமாட்டோம் என்று சொன்ன பிறகு பாவம், அவர்கள்தான் என்ன செய்வார்கள்?

அரசாங்கங்களும் இந்த ஆசைக்கு விலக்கில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் அந்த தினம், இந்த வாரம் என்று தீர்மானங்கள் வந்து குவிந்து, 1995இல் இத்தகைய மசோதாக்களே கூடாது என்று விதி போட வேண்டியதாயிற்று. அதே அவை 2009இல், வட்டக் கணக்கில் வரும் பை (π) என்ற எண்ணுக்கான பை தினத்தை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது என்பது வேறு கதை.

இப்போது கீழே வந்து 'எல்லாம் வியாபாரத் தந்திரம்' என்று எழுதப்போகிறவர்களுக்கு. எனக்கும் தெரியும் ஐயா. அக்டோபர் இரண்டாம் வெள்ளிக்கிழமை வரும் முட்டை தினம், 1996இல் வியன்னாவில் கூடிய முட்டைத் தொழில்காரர்கள் வைத்ததுதான். ஜூலை மூன்றாம் ஞாயிறு ஐஸ்கிரீம் தினம் என்று 1984இல் அதிபர் ரீகன் அறிவித்தபோது பால்பண்ணைக்காரர்கள் கண்ணீர் விட்டிருக்கமாட்டார்கள். நான் மறைக்கவில்லை. ஆனால் டோனட் தினம் எப்படி வந்தது என்று அவர்கள் தேடிப் பார்த்திருக்கிறார்களா? முதல் உலகப்போரில் பிரான்சின் போர்முனைக்குப் போன, சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பின் பெண்கள், கிடைத்த மாவையும் சர்க்கரையையும் வைத்து வீரர்களுக்கு டோனட் பொரித்துக் கொடுத்தார்கள். 1938இல், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், சிகாகோவில் அந்த அமைப்பு நிதி திரட்ட அந்தப் பெண்களின் நினைவைத்தான் எடுத்துக்கொண்டது. ஜூன் முதல் வெள்ளிக்கிழமை இலவச டோனட்டுக்கு வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வியாபாரத்தைக் கண்டு பதறுகிறவர்கள் ஆனா ஜார்விஸ் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தன் தாயின் நினைவாக 1908இல் மேற்கு வர்ஜீனியாவின் கிராஃப்டன் ஊர் தேவாலயத்தில் அன்னையர் தின வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்தவர். 1914இல் அது அரசு தினமாயிற்று. அதற்குப் பின் வாழ்த்து அட்டைக்காரர்களோடும் பூக்காரர்களோடும் மிட்டாய்க்காரர்களோடும் மல்லுக்கு நின்றே அந்த அம்மாள் வாழ்நாளைக் கழித்தார். தான் பெற்ற பிள்ளையைத் தானே வழக்குப் போட்டு மீட்கப் பார்த்தது போன்ற கதை. 1948இல் இறந்தபோது கையில் காசில்லை. 'வியாபாரம்' என்று விரலை நீட்டுவதற்கு அவருக்கு உரிமை உண்டு. உட்கார்ந்த இடத்தில் கருத்து எழுதுகிறவர்களுக்கு உண்டா என்பது எனக்குத் தெளிவாகவில்லை.

இந்த நோட்டால் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். முன்பு வேலை பார்த்த அலுவலகத்தில் தினமும் காலையில் வெள்ளைப் பலகையின் மூலையில் அன்றைய தினத்தை எழுதுவேன். ஒரு ஜூலை 22 அன்று 'பை தினம்' என்று எழுதினேன். மேலாளர் வந்து எல்லார் முன்னாலும், "அது மார்ச் 14. சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்" என்றார். மார்ச் 14 பை தினம், 1988இல் சான் பிரான்சிஸ்கோ அறிவியல் அருங்காட்சியகம் ஒன்றில் லாரி ஷா என்ற இயற்பியலாளர் தொடங்கியது. மாதத்தை முன்னால் எழுதும் அமெரிக்கருக்கு அது 3/14. நாளை முன்னால் எழுதுகிற நமக்கு 22/7தானே பொருத்தம்? அதற்கும் ஒரு தினம் உண்டு, அது ஜூலை 22. போதாக்குறைக்கு 3.14ஐவிட 22/7தான் பையின் உண்மை மதிப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, வகுத்துப் பாருங்கள். இதை நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த ஆண்டு என் பலகை மூலை 'ஊழியர் உற்சாகத் திட்டம்' ஆகிவிட்டது, அவர் பெயரில். வருகைப் பதிவு எடுத்தார்கள். கடற்கொள்ளையரைப் போலப் பேசும் தினத்தில் (செப்டம்பர் 19, ஓரிகனில் இரண்டு நண்பர்கள் பந்து விளையாடிக்கொண்டே கண்டுபிடித்தது) நிதிப் பிரிவில் இருந்த ஒருவரை, இன்னும் ஆறு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவரை, ஒரு கண்ணில் கறுப்புத் துணி கட்டிப் புகைப்படம் எடுத்தார்கள். அவர் என்னை ஒற்றைக் கண்ணால் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லாததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார்கள். இருக்கட்டும்.

இனி என் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு மீதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

அப்பா இறந்த பிறகு அவருடைய கைக்கடிகாரம் யாருக்கு என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் பேச்சு வந்தது. கடிகாரம் ஓடாது. அதைப் பற்றிய சண்டை மட்டும் நன்றாக ஓடியது. மருத்துவமனையில் யார் எத்தனை இரவு தூங்காமல் இருந்தோம் என்று நான் ஒரு கணக்குச் சொன்னேன், சொல்லியிருக்கக் கூடாது. அவரும் ஒன்று சொன்னார். நாலரை ஆண்டு பேச்சு நின்றது. உங்களுக்கு அப்படி யாரும் இல்லையென்றால் நல்லது. இருந்தால் இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. முதல் மாதம் கோபம். பிறகு கோபம் தீர்ந்துவிடும், ஆனால் எதைச் சொல்லிப் போன் செய்வது என்று தெரியாமலே ஆண்டுகள் போய்விடும். 'சும்மாதான் கூப்பிட்டேன்' என்று நாலரை ஆண்டுக்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

எனக்குப் பங்காக வந்த சாமான்களில் ஒரு பழைய அட்டைப்பெட்டி இருந்தது. ஆயிரம் துண்டுப் படப்புதிர். கலங்கரை விளக்கம், கொஞ்சம் கடல், ஏராளமான வானம். சின்ன வயதில் நாங்கள் இருவரும் சேர்ந்து அதை எத்தனை முறை அடுக்கியிருப்போம் என்று தெரியாது. முதலில் ஓரத் துண்டுகளைப் பிரிப்பது என் வேலை. அண்ணனுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஆரம்பத்திலேயே ஒரு துண்டை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். எல்லாம் முடிந்து ஒரே ஓர் ஓட்டை பாக்கி நிற்கும்போது, நான் மேசைக்கு அடியில் தவழ்ந்து தேடும்போது, நிதானமாக எடுத்து வைத்து 'முடிந்தது' என்பார். கடைசித் துண்டு எப்போதும் அவருடையதுதான்.

ஜனவரி 29 புதிர் தினம். என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. தினத்தைச் சாக்காக வைத்துப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினோம். இந்த விளையாட்டு 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் பூகோளம் கற்பிப்பதற்காக வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி அறுத்ததிலிருந்து வந்தது என்று அவளுக்குச் சொன்னேன். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. மூன்று மாலைகள் ஆயின. முடிவில் ஒரு துண்டு இல்லை. கலங்கரை விளக்கத்தின் மேல் ஜன்னல் இருந்த இடத்தில் மேசை தெரிந்தது.

"பெரியப்பா பையில் இருக்குமா?" என்றாள் மகள். பழக்கத்தைப் பற்றி முந்தின நாள்தான் அவளிடம் சொல்லியிருந்தேன்.

போன் செய்தேன். வணக்கமும் சொல்லவில்லை, நலமும் விசாரிக்கவில்லை. "கலங்கரை விளக்கத்தில் ஒரு துண்டு இல்லை" என்றேன்.

அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமில்லை. வைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

"எந்த இடம்?" என்றார்.

"மேல் ஜன்னல்."

"அப்படியென்றால் நான் இல்லை. நான் எடுப்பதெல்லாம் வானத்தில்தான் எடுப்பேன். ஜன்னலில் எடுத்தால் உனக்கு உடனே தெரிந்துவிடும். வானத்தில் ஒரு துண்டு குறைந்தால் கடைசிவரை கண்டுபிடிக்கமாட்டாய்."

முப்பது ஆண்டுகளாக நான் அறியாத தொழில் ரகசியம். எனக்கு வந்தது சிரிப்பா வேறெதுவுமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நாற்பது நிமிடம் பேசினோம், பெரும்பாலும் அந்தத் துண்டைப் பற்றியே. கடிகாரத்தைப் பற்றி இருவரும் வாயைத் திறக்கவில்லை. அன்று இரவு பதினொரு மணிக்கு அண்ணி போன் செய்தார்: "என்ன சொன்னீர்கள் உங்கள் அண்ணனிடம்? அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்."

துண்டு கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார். மருந்து அட்டையை வெட்டி, வண்ணப் பென்சிலோ எதுவோ வைத்து மஞ்சளும் சாம்பலும் தீட்டி, தானே செய்த துண்டு. சரியாகப் பொருந்தவில்லை, ஒரு முனை தூக்கிக்கொண்டிருக்கிறது. அழுத்திப் பொருத்திவிட்டு 'முடிந்தது' என்றார். கடைசித் துண்டு மறுபடியும் அவருடையதுதான், கவனித்தீர்களா?

'தினம் இல்லாவிட்டாலும் போன் செய்திருக்கலாமே' என்று கேட்பீர்கள். செய்திருக்கலாம். நாலரை ஆண்டு செய்யவில்லை, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

அந்த ஆண்டு ஏப்ரல் 10 வந்தபோது, உடன்பிறந்தோர் தினம் என்று அவருக்கு ஒரு செய்தி அனுப்பினேன். அமெரிக்காவில் கிளாடியா எவார்ட் என்ற பெண் தொடங்கிய தினம் அது. அக்காள் ஒருவர், அண்ணன் ஒருவர், இருவரையும் வெவ்வேறு விபத்துகளில் இழந்தவர். ஏப்ரல் 10 அந்த அக்காளின் பிறந்தநாள். இந்த விவரத்தையெல்லாம் எழுதி அனுப்பினேன். அண்ணன் ஒற்றை வரியில் பதில் போட்டார்: "துண்டு கிடைத்ததா?" அன்றிலிருந்து ஒவ்வொரு ஏப்ரல் 10 அன்றும் அதே கேள்வி வருகிறது.

இனி எழுதப்போவதை, அண்ணன் இந்தத் தளத்துக்கு வரமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். போன ஆண்டு வீட்டை மாற்றும்போது என் பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பெட்டி அகப்பட்டது. உள்ளே துருப்பிடித்த கவராயம், அரை அழிப்பான், அடியில் மஞ்சள் ஜன்னல். பார்த்தவுடன் நினைவுக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு முறை, கடைசித் துண்டை நான்தான் வைப்பேன் என்று அவருக்கு முன்பே எடுத்து ஒளித்துவைத்தேன். அன்று என்னவோ ஆயிற்று, அடுக்கி முடிக்கவில்லை. அத்தோடு மறந்திருக்கிறேன்.

துண்டு இப்போது வேலையற்றவன் பஞ்சாங்கத்தில், ஜனவரிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. மகளுக்கு மட்டும் தெரியும். இந்த ஏப்ரலிலும் அண்ணன் கேட்டார். "இன்னும் இல்லை" என்று பதில் போட்டேன்.