ஒராங் அஸ்லி, அதாவது தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிப் பெண்களுக்கு, மலேசியாவில் கருக்கலைப்பு கிடைக்குமா? 'பண்பாட்டுப் பாதுகாப்பு' என்றால் என்ன?

சட்டத்தில் இடம் இருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவு 1989இல் திருத்தப்பட்டது. கர்ப்பம் தொடர்ந்தால் பெண்ணின் உயிருக்கோ, உடல், மன நலத்துக்கோ கலைப்பதைவிட ஆபத்து அதிகம் என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் கலைக்கலாம். கோலாலம்பூரில் நம் ஆட்களே பலர் இது முழுக்கச் சட்டவிரோதம் என்று நினைக்கிறார்கள். அப்புறம் காட்டோரக் கிராமத்துப் பெண்ணுக்கு யார் சொல்வது?

பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்தை வளர்த்தவர் நியூசிலாந்தின் மாவோரி தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டென். சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர் அல்ல, நோயாளி. இதுதான் அதன் உயிர்நாடி. ஒராங் அஸ்லி மொழிகளான தெமியாரோ செமாயோ பேசும் பெண்ணிடம் வேகமான மலாயில் விளக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கினால் அது சம்மதமே இல்லை. தோட்டத்திலிருந்து வந்த நம் பாட்டிகள் பலரும் மருத்துவமனையில் இப்படித்தான் தலையாட்டினார்கள். அந்தப் பெண்ணின் மொழி பேசும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் பெண் விரும்பினால் குடும்பத்தாரும். கருத்தடை ஊசி போட்டால்தான் கலைப்போம் என்று நிபந்தனை வைக்கவே கூடாது.

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கோம்பாக்கில் ஒராங் அஸ்லிக்கென்றே மருத்துவமனை உண்டு. ஆனால் வடக்கே கிளந்தான் மாநில மலையிலிருந்து வந்து சேர்வதற்குள் நாட்கள் கடந்துவிடும். ஆகவே முதல் பேச்சு கிராமத்துக்கு வரும் நடமாடும் கிளினிக்கிலேயே தொடங்க வேண்டும்.